ஏழு பேரா, எட்டுப் பேரா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை.

தேங்க்ஸ்கிவிங் வியாழன் விருந்துக்குத் தெற்குத் தாஹோ மலையில் வாடகை வீடு எடுத்தாயிற்று, ஏழு பேர் என்று மெசேஜ் போட்டிருந்தாய். எண்ணிப் பார்த்தேன். நான், அம்மா, நீ, மாப்பிள்ளை, பெரியம்மா மகன், அவன் மனைவி, உன் ஆபீஸ் சிநேகிதிகள் இரண்டு பேர். குழந்தையைச் சேர்க்காமலே எட்டு வருகிறது. அவசரத்தில் ஏழு என்று அடித்திருப்பாய். விருந்துக்கு டர்க்கி, அதுதான் வான்கோழி, வாங்குவது தலைக்கணக்கை வைத்துத்தான் என்பதால் கேட்கிறேன்.

எலும்போடு ஆளுக்கு ஒன்றரை பவுண்டு வைத்துக்கொண்டால் மறுநாளைக்கும் மிஞ்சும். அம்மாவும் உன் சிநேகிதி ஒருத்தியும் சைவம். மாப்பிள்ளையோடு ஆறு பேர், ஒன்பது பவுண்டு ஆயிற்று. குழந்தைக்கும் சேர்த்துப் பத்திலிருந்து பன்னிரண்டு பவுண்டுக்குள் ஒரு பறவை வாங்கிவிடலாம். ஐந்தே பேர் என்றால் ஏழரை பவுண்டு. அந்தச் சின்ன அளவில் முழு டர்க்கி லேசில் கிடைக்காது, எலும்போடு மார்பு மட்டும் ஆறேழு பவுண்டில் வாங்க வேண்டும். மார்பில் கால் இருக்காது. நம் வீட்டில் கால் யாருக்குப் போகும் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் ஏழா எட்டா என்று முன்கூட்டியே தெரிய வேண்டும்.

எதை வாங்கினாலும் உறையில் எழுதியிருப்பதைப் படி. 'உப்புக் கரைசல் சேர்த்தது' என்று இருந்தால் மறுபடி உப்புநீரில் ஊறப்போடாதே, வாயில் வைக்க முடியாது. சாதாரணப் பறவை என்றால் ஐந்து பவுண்டுக்கு ஒரு மேசைக்கரண்டி கோஷர் உப்பு, மிளகு, சோம்புப் பொடி மூன்றையும் முந்தின நாள் இரவே தோலுக்கு அடியில் தடவி வை. தோலைக் கையால் மெல்லத் தூக்கினால் பிரியும், கத்தி வேண்டாம்.

உறைந்த டர்க்கி கரைவது நாம் நினைப்பதைவிட மெதுவாக. ஃபிரிட்ஜில் நாலைந்து பவுண்டுக்கு ஒரு முழு நாள் ஆகும். பன்னிரண்டு பவுண்டுக்கு மூன்று நாள். நீ ஞாயிறு மாலையே ஃபிரீசரிலிருந்து இறக்கி, அடியில் ஆழமான தட்டு வைத்து, ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்துவிடு. புதன்கிழமை கிளம்பும்போது ஐஸ் பெட்டியில் போட்டுச் சுற்றிலும் ஐஸ் அடுக்கி, உள்ளே ஒரு ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டரும் போடு. 40 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது. அங்கே போய்ப் பார்த்தால் நடுவில் கல்லாக இருக்கும், பெரும்பாலும் இருக்கும். பயப்படாதே, உறையோடு குளிர்ந்த தண்ணீரில் முக்கி அரை மணிக்கு ஒரு தரம் தண்ணீரை மாற்று. பவுண்டுக்கு அரை மணி கணக்கு. வெந்நீரோ, மேடையில் அப்படியே விடுவதோ வேண்டாம். உள்ளே கரைவதற்குள் வெளித்தோலில் கிருமி பெருகிவிடும்.

ஃபிரிட்ஜில் இடமில்லை, வெளியேதான் குளிராக இருக்கிறதே என்று ஐஸ் பெட்டியை டெக்கில் வைக்கிற புத்திசாலிகள் உண்டு. தாஹோவில் அதைச் செய்யாதே. நவம்பர் கடைசியிலும் கரடி நடமாட்டம் இருக்கும். காருக்குள் ஒரு பிஸ்கட் உறையைக்கூட விடக் கூடாது, பூட்டாத கார்க் கதவைத் திறக்க அங்கே கரடிகளுக்குத் தெரியும். சாப்பிட்ட எலும்பையும் கரடி திறக்க முடியாத இரும்புத் தொட்டியில்தான் போட வேண்டும். அந்தத் தொட்டி எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் இப்போதே கேட்டு வை.

வாடகை வீட்டுச் சமையலறையை நம்பாதே. கண்ணாடிக் கோப்பை இருபது இருக்கும், வெட்டுகிற கத்தி ஒன்று இருக்காது. கொண்டுபோக வேண்டியது: நல்ல கத்தி, உடனடி தெர்மாமீட்டர், சமையல் நூல், வெட்டுப்பலகை, நம் பிரஷர் குக்கர். ஓவனின் உள் அகலத்தைக் கேட்டு அதற்குள் அடங்குகிற அளவில் டர்க்கித் தட்டு வாங்கு. அலுமினிய ஃபாயில் தட்டுதான் என்றால் இரண்டை ஒன்றுக்குள் ஒன்று போட்டு, அடியில் தட்டையான பேக்கிங் ஷீட் வைத்துத் தூக்கு. கொதிக்கிற கொழுப்போடு அது நடுவில் மடிந்தால் உன் கால் வெந்துவிடும்.

மற்றபடி சமையல் உனக்குத் தெரியாததல்ல. ஓவன் 325 டிகிரி ஃபாரன்ஹீட். கழுத்துப் பக்கமும் வயிற்றுப் பக்கமும் கைவிட்டு ஈரல் பையை எடுத்துவிடு, பலர் அதை உள்ளேயே வைத்து வேகவிடுகிறார்கள். டர்க்கியைக் குழாயில் கழுவாதே, அம்மா என்ன சொன்னாலும் சரி. கழுவினால் கிருமி தொட்டியெல்லாம் தெறிக்கும், வெந்தால்தான் சாகும். பன்னிரண்டு பவுண்டுக்கு, உள்ளே எதுவும் அடைக்காவிட்டால், மூன்று மணி நேரம் ஆகும், கொஞ்சம் கூடவும் ஆகலாம். மார்பு மட்டும் ஆறேழு பவுண்டு என்றால் இரண்டே காலிலிருந்து மூன்று மணி. கடிகாரத்தை விடு, தெர்மாமீட்டரைப் பார். மார்பின் தடித்த இடம், தொடையின் உட்புறம், இறக்கை மூட்டு மூன்றிலும் 165 காட்ட வேண்டும். முனை எலும்பில் பட்டால் எண் கூடுதலாகக் காட்டும். டர்க்கியில் குத்தியே வருகிற பிளாஸ்டிக் குச்சி துள்ளிவிட்டது, வெந்துவிட்டது என்று வெளியே எடுத்துவிடாதே, அது ஒரு இடத்தை மட்டும்தான் பார்க்கும். வெளியே எடுத்து இருபது நிமிஷம் தொடாமல் வை, இல்லாவிட்டால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும். வெட்டுவது எப்போதும் மாப்பிள்ளைதான். அவர் கை படிந்த கை.

எண்ணெயில் முழு டர்க்கி பொரிக்கலாம் என்று அவர் போன வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். மர டெக்கில் கூடவே கூடாது. உள்ளே துளி ஐஸ் இருந்தாலும் எண்ணெய் பொங்கி அடுப்பில் வழிந்து பற்றிக்கொள்ளும். நான் சொன்னேன் என்று அவரிடம் சொல்.

அங்கே உயரம் 6,200 அடிக்கு மேல். தண்ணீர் 212க்குப் பதில் சுமார் 200 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பதைப் பார்த்து வெந்துவிட்டது என்று நினைக்காதே. உருளைக்கிழங்குக்குக் கூடுதல் நேரம் விடு, துவரம்பருப்பு திறந்த பாத்திரத்தில் லேசில் வேகாது. குக்கர் கேட்டது அதற்குத்தான். கீழிருந்து கொண்டுபோகிற தயிர் டப்பா மேலே போகப் போக உப்பும், மூடியை மெதுவாகத் திற.

சைவத்துக்கு மறக்காதே. ஸ்டஃபிங் என்கிற ரொட்டிக் கலவையைப் பறவைக்குள் அடைக்காமல், காய்கறி வேகவைத்த சாற்றில் தனித் தட்டில் செய்தால் இரண்டு தரப்புக்கும் ஆகும். சர்க்கரைவள்ளிக்கிழங்கின் மேல் போடுகிற மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கிறது, அதை அம்மா தட்டில் வைத்துவிடாதே. பை மாவிலும் சில கம்பெனிகள் பன்றிக் கொழுப்பு சேர்க்கிறார்கள். பீன்ஸ் காசரோல் சைவமாகவே செய்யலாம். 1955இல் கேம்ப்பெல் சூப் கம்பெனியின் சமையல்கூடத்தில் டார்கஸ் ரைலி என்ற அம்மாள் உண்டாக்கியது அது, டப்பா சூப்பை விற்க இதைவிட நல்ல வழி யாருக்கும் தோன்றவில்லை. அம்மா கிரான்பெர்ரி தொக்கு நல்லெண்ணெயில் கிளறிக் கொண்டுவருகிறாள். தொக்கும் நெய்யும் விமானத்தில் திரவக் கணக்கு, கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள், பெட்டியில்தான் வரும். பருப்புப்பொடி கையோடு வரும்.

இனி ரோடு. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். ஃப்ரீமாண்டிலிருந்து சாதாரண நாளில் நாலு மணி நேரம், புதன் மதியத்துக்கு மேல் கிளம்பினால் எத்தனை ஆகுமோ. ஐந்து மணிக்குள் இருட்டிவிடும், யூஎஸ் 50 நெடுஞ்சாலையில் எக்கோ சம்மிட் கணவாய் 7,382 அடி, அதை இருட்டில் ஏறாதே. காலையிலேயே கிளம்பு. கிளம்புமுன் கலிபோர்னியா ரோட்டுத் துறை கால்டிரான்ஸின் குவிக்மேப்பில் பார். பனிக்கு டயரில் செயின் மாட்டச் சொல்கிற அறிவிப்பு அதில் இருக்கும். ஆர் 2 போட்டிருந்தால், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் நாலு டயரும் பனி டயராக இருந்தால்தான் செயின் மாட்டாமல் போகலாம், அப்போதும் செயின் வண்டியில் இருக்க வேண்டும். ஆர் 3 என்றால் எல்லோரும் மாட்ட வேண்டும், பெரும்பாலும் அதற்குள் ரோட்டையே மூடிவிடுவார்கள்.

யார் ஓட்டுகிறார்கள் என்று நீ எழுதவில்லை. செயின் மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டாய், இந்தத் தடவை நீயும் கற்றுக்கொள். டயர் பக்கவாட்டில் இருக்கிற எண்ணும் செயின் பெட்டியில் இருக்கிற எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வண்டிப் புத்தகத்தில் கேபிள் வகை மட்டும் என்று போட்டிருந்தால் அதைத்தான் வாங்க வேண்டும். உன் வண்டிக்கு முன் சக்கரம். வழவழப்பான பக்கம் டயரைப் பார்க்க விரித்துப் போடு, முதலில் உள்பக்கக் கொக்கி, பிறகு வெளிப்பக்கம், பிறகு இறுக்கு. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி மறுபடி இறுக்கு. இறுக்காமல் போனால் அறுந்து பிரேக் குழாயை அடிக்கும். செயினோடு மணிக்கு 30 மைல் வேகத்துக்கு மேல் போகாதே. வீட்டு வாசலில் காய்ந்த தரையில் ஒரு தடவை மாட்டிக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பு. கையுறை, பழைய பாய், டார்ச், கம்பளி, தண்ணீர்.

இத்தனை பேரைக் கூட்டி நடத்த உனக்குத் தைரியம் இருக்கிறது, அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் ஐந்து நிமிஷம் உட்கார உனக்கு நேரமில்லை. மாப்பிள்ளையிடம் கொடு என்றால் குளிக்கிறார் என்கிறாய். எப்போது கேட்டாலும் குளிக்கிறார். இருக்கட்டும். ஏழுதான் என்றால் ஏழு என்று எழுது, நான் வேறெதுவும் கேட்கமாட்டேன், அம்மாவையும் கேட்கவிடமாட்டேன். டர்க்கியின் அளவு மாறும், அவ்வளவுதான்.

பதில் வராவிட்டால் பன்னிரண்டு பவுண்டே வாங்கு. மிஞ்சினால் நஷ்டமில்லை. மேசையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் எலும்பிலிருந்து பிரித்து ஆழமில்லாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வை, நாலு நாள் வரை தாங்கும். ஒரு காலை மட்டும் ஃபாயிலில் சுற்றிக் காற்றுப் புகாத பையில் போட்டு வீட்டுக்கு வந்ததும் ஃபிரீசரில் வை. சாப்பிட முடியாமல் போனவர்கள் யாராவது இருந்தால் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

ரீனோ விமான நிலையத்தில் புதன்கிழமை மதியம் இறங்குகிறோம். அங்கிருந்து தாஹோவுக்குக் கார்சன் சிட்டி, ஸ்பூனர் சம்மிட் வழியாகப் போகலாம். மேப் மவுண்ட் ரோஸ் பக்கம் திருப்பினால் கேட்காதே, அது 8,900 அடி. எங்களை அழைத்துப் போக ஒரு கார் வருகிறதா, இரண்டா? பெட்டி இரண்டு, அம்மாவின் தொக்கு டப்பா தனி. அதற்குத் தகுந்தபடி கட்ட வேண்டும், செவ்வாய்க்குள் சொல்.

அன்புடன்,
அப்பா