எங்கள் இயற்பியல் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டு முழுவதும் ஒரே பொருளை எடுத்துப் பேசுவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். மின்னூட்டமுள்ள துகளை மின்புலம் எப்படி முடுக்குகிறது என்பதே அந்தப் பொருள். மாதக் கூட்டங்களில் ஒன்றைத் தவிர எல்லாம் நடந்தன. அந்த ஒன்று நின்றுபோனதற்கு நானே காரணம். அரங்கின் சாவியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

முதல் கூட்டத்தில் அடிப்படையைப் பார்த்தோம். மின்னூட்டத்தை மின்புலத்தால் பெருக்கினால் விசை; அதை நிறையால் வகுத்தால் முடுக்கம். பள்ளியில் படித்ததுதானே என்று சிலர் கொட்டாவி விட்டார்கள். எண்களைப் போட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வெற்றிடத்தில் ஓய்வில் இருக்கும் எலக்ட்ரான் வெறும் 1 வோல்ட்டைக் கடந்தாலே நொடிக்கு ஏறத்தாழ 590 கி.மீ. வேகம் பிடித்துவிடுகிறது. அதே 1 வோல்ட்டில் புரோட்டானுக்குக் கிடைப்பது நொடிக்கு 14 கி.மீ. அளவுதான், அது எலக்ட்ரானைப்போல் 1,836 மடங்கு கனம். ஆற்றல் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே: 1 எலக்ட்ரான் வோல்ட்.

அடுத்த கூட்டத்தில் சண்டை வந்தது. எலக்ட்ரானை முடுக்கும் மின்புலம் இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே இருக்கிறது. மின்னழுத்தத்தை மாற்றாமல் அந்தத் தகடுகளை விலக்கி வைத்தால் என்ன ஆகும்? அதிக தூரம் ஓடுவதால் வேகம் கூடும் என்றது ஒரு கட்சி. புலம் தளர்வதால் குறையும் என்றது எதிர்க்கட்சி. இரண்டு கட்சியும் தோற்றது. இடைவெளியை இரட்டித்தால் புலம் பாதியாகிறது. பாதி விசை இரட்டைத் தூரத்துக்குத் தள்ளுகிறது. வேலை மாறவில்லை, வேகமும் மாறவில்லை. மாறுவது நேரம் மட்டும்: 1 வோல்ட்டில் 1 செ.மீ. இடைவெளியைக் கடக்க எலக்ட்ரானுக்கு சுமார் 34 நானோ நொடி, 2 செ.மீ. என்றால் 68. நானும் முதல் கட்சியில் இருந்தவன் என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன்.

ஆண்டின் சிறந்த நிகழ்ச்சி என்று நான் கருதுவது, துகள் முடுக்கியின் மாதிரியாகச் செய்த கிண்ணச் சோதனைதான். பிளாஸ்டிக் கிண்ணத்தின் உட்புறம் அலுமினியப் பட்டைகளை ஒட்டி, ஒன்றுவிட்டு ஒன்றாக, உயர் மின்னழுத்தம் தரும் வான் டி கிராஃப் மின்னியற்றியோடும் எர்த்தோடும் இணைத்தோம். கிராஃபைட் பூசிய பிங்பாங் பந்தை உள்ளே விட்டோம். முதல் முறை அது அசையவே இல்லை. வெளியே மழை, ஈரக்காற்றில் மின்னூட்டம் நிற்காமல் கசிந்துகொண்டிருந்தது. ஒருவர் முடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து கிண்ணத்தையும் மின்னியற்றிக்குள் ஓடும் நாடாவையும் காயவைத்தார். பிறகு பந்து ஒரு பட்டையில் தொட்டது, மின்னூட்டம் ஏறியது, அதே பட்டை அதை உதறித் தள்ளியது, எர்த் பட்டை இழுத்துக்கொண்டது. அங்கே மின்னூட்டத்தை இழந்து, வந்த வேகத்தில் அடுத்த பட்டைக்கு உருண்டது. சில சுற்றுகளில் விளிம்பை ஒட்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. பின்வரிசையில் இருந்தவர்களும் எழுந்து வந்துவிட்டார்கள்.

ஆனால் இந்தக் கிண்ணம் ஒரு விஷயத்தில் ஏமாற்றும். இங்கே பட்டைகளின் மின்னழுத்தம் மாறுவதில்லை. பந்தின் மின்னூட்டம் மாறுகிறது. உண்மையான முடுக்கியில் தலைகீழ். துகளின் மின்னூட்டம் மாறாது. அது இடைவெளிக்கு வந்து சேரும் நேரம் பார்த்து மின்னழுத்தம் திசை மாறுகிறது. நார்வே இயற்பியலாளர் விடெரோ 1928இல் செய்துகாட்டியது இதைத்தான். அமெரிக்க இயற்பியலாளர் லாரன்ஸ் அந்த யோசனையைக் காந்தத்தால் வட்டமாக வளைத்தார். 1931இல் உள்ளங்கையில் அடங்கும் சைக்ளோட்ரான் என்ற அந்த வட்ட முடுக்கியில் 2,000 வோல்ட்டுக்கும் குறைந்த அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்து 80,000 எலக்ட்ரான் வோல்ட் எடுத்தார்.

“காந்தம்தானே முடுக்குகிறது?” என்ற கேள்வி ஏறக்குறைய எல்லாக் கூட்டத்திலும் வந்தது. காந்த விசை எப்போதும் வேகத்துக்குச் செங்குத்தாக இருப்பதால் அது வேலை செய்வதில்லை, திருப்பிவிடும், அவ்வளவே. தள்ளுவது மின்புலம்.

கடைசிக் கூட்டத்தில் மாணவ உறுப்பினர் ஒருவர் கரும்பலகையில் போட்ட கணக்கை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. செர்ன் ஆய்வகத்தின் 27 கி.மீ. வட்ட முடுக்கியில் புரோட்டான் நொடிக்கு 11,000 தடவைக்கு மேல் சுற்றுகிறது. 2015 முதல் 2018 வரை அது 45,000 கோடி எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து 6.5 லட்சம் கோடிக்கு ஏற சுமார் 20 நிமிடம் ஆனது. வகுத்துப் பார்த்தால் சராசரியாக ஒரு சுற்றுக்கு 5 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவு. 1932இல் இயற்பியலாளர்கள் காக்ராஃப்ட்டும் வால்டனும் லித்தியம் அணுக்கருவைப் பிளந்தபோது சில லட்சம் வோல்ட்டை ஒரே தள்ளலில் கொடுத்தார்கள். தள்ளலின் அளவு அப்போதும் இப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான். எண்ணிக்கைதான் கோடியைத் தாண்டிவிட்டது.

இனி நிர்வாகச் செய்திகள். கிண்ணமும் பந்தும் அலமாரியின் கீழ்த்தட்டில் உள்ளன. எடுப்பவர்கள் பந்தை வெறுங்கையால் தொட வேண்டாம். கிராஃபைட் பூச்சு உரிகிறது. மின்னியற்றியை நிறுத்திய பிறகு, எர்த் செய்த கோலால் கோளத்தைத் தொட்டுவிட்டே அருகில் போங்கள். இந்த ஆண்டு இருவர் மறந்து, இருவரும் துள்ளினார்கள். மழை மாதங்களில் சோதனைக் கூட்டம் வேண்டாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. அதைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். சாவியின் இரண்டாவது பிரதி இப்போது தலைவரிடம் இருக்கிறது.

செயலாளர்