ஆரஞ்சு கலர்ல வந்து நின்ன எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். துப்பாக்கியால போற உயிர்களுக்காக ஜூன் முதல் வெள்ளிக்கிழமை நாம நடத்தின கூட்டம் முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சு, நன்றி சொல்லலாம்னு உக்காந்தா எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல, அவ்ளோ பேர் இருக்கீங்க, யாரையாவது விட்டிருந்தா மன்னிச்சிருங்க.

முதல்ல மகனை பறிகொடுத்துட்டு மைக் முன்னாடி வந்து நின்ன அந்த அம்மாவுக்கு. பத்து நிமிஷம் பேசறேன்னு சொன்னவங்களால ரெண்டு நிமிஷத்துக்கு மேல முடியல. பரவால்லம்மா, நீங்க வந்ததே பெருசு.

ஏன் ஆரஞ்சுன்னு நிறைய பேர் கேட்டீங்க. 2013 ஜனவரியில சிகாகோவுல ஹடியா பெண்டில்டன்னு 15 வயசு பொண்ணு, ஃப்ரெண்ட்ஸோட பார்க்குல நின்னுட்டு இருந்தவ, குண்டு பட்டு போயிட்டா. வேட்டைக்கு போறவங்க ஒருத்தர ஒருத்தர் தெரியாம சுட்டுறக்கூடாதுன்னு ஆரஞ்சு போடுவாங்கல்ல, அந்த கலரைத்தான் அவ ஃப்ரெண்ட்ஸ் எடுத்துக்கிட்டாங்க, அவ பொறந்தநாள் ஜூன் 2, அதனாலதான் கூட்டமும் ஜூன் தொடக்கத்துல. இதை ரிப்பன் வெட்டின பிள்ளைங்களே மேடையில சொன்னீங்க, உங்களுக்கு தனியா ஒரு நன்றி.

அப்புறம் தம்பியை இழந்த அண்ணனுக்கு. நோட்டீஸ் அடிக்கும்போது நாங்க தெருச்சண்டை, ஸ்கூல்ல சுடறது இதையேதான் யோசிச்சோம், நீங்கதான் தற்கொலை பத்தி ஒரு வரி கூட இல்லையேன்னு கேட்டீங்க. அமெரிக்காவுல 2021ல துப்பாக்கியால செத்தவங்க 48,000க்கு மேல, அதுல பாதிக்கும் மேல தற்கொலை, இது தெரிஞ்சும் நாங்க விட்டிருக்கோம். சாகணும்னு தோணற அந்த வேதனை பல பேருக்கு கொஞ்ச நேரத்துல தணியும், அந்த கொஞ்ச நேரத்துல கன் கைக்கு எட்டாம இருந்தா ஆளு பிழைச்சுக்குவாங்கன்னு நீங்க சொன்னது இன்னும் காதுலயே இருக்கு. உங்க செலவுல, தற்கொலை எண்ணம் வந்தா அமெரிக்காவுல உதவிக்கு கூப்பிடற 988 நம்பரை பெருசா போட்டு நோட்டீஸ மறுபடி அடிச்சு கொடுத்தீங்களே, அதை எப்படி மறப்போம்.

கை கால்ல அடிபட்டா ரத்தம் நிக்க காயத்துக்கு கொஞ்சம் மேல தள்ளி எப்படி இறுக்கி கட்டணும், கட்டின நேரத்தை ஏன் குறிச்சு வைக்கணும்னு பொறுமையா சொல்லிக்கொடுத்த நர்ஸ் அக்காவுக்கும், நாற்காலி அடுக்கின தம்பிங்களுக்கும் நன்றி.

அம்மாமாருங்களுக்கு என்ன சொல்ல! பிள்ளையை விளையாட அனுப்பறதுக்கு முன்னாடி "உங்க வீட்ல கன் இருக்கா, பூட்டி வச்சிருக்கீங்களா, குண்டை தனியா வச்சிருக்கீங்களா"ன்னு கேக்கறது எவ்ளோ சங்கடம்னு எனக்கும் தெரியும், என் வாயிலயும் முதல்ல வரல. நீங்க ரெண்டு ரெண்டு பேரா நின்னு கேட்டு பழகினீங்க, மூணாவது தடவை அது பிள்ளைக்கு வேர்க்கடலை ஒத்துக்காதுன்னு சொல்ற மாதிரி சாதாரணமா வந்துச்சு.

கடைசியா பேர் தெரியாத ஒரு ஐயா. எல்லாரும் கிளம்பினப்புறம் மேஜைகிட்ட வந்து ஒண்ணும் பேசாம ஒரு கேபிள் பூட்டு, அதான் கன்னுக்குள்ள கம்பியை விட்டு பூட்டறது, எடுத்துக்கிட்டீங்க, வாசல் வரைக்கும் போயிட்டு திரும்பி வந்து மகன் வீட்டுக்கும் ஒண்ணுன்னு கேட்டீங்க. ஐயா, இன்னும் ஒரு பெட்டி பூட்டு என்கிட்ட இருக்கு, காசு வேணாம், யாருக்கு வேணும்னாலும் வந்து எடுத்துக்கலாம், பேர் கூட கேக்க மாட்டோம்.