பாவித்த ஊசி இரண்டாவதாகப் போவது யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் ஊசி மூலம் ஹெரோயின் ஏற்றுவதைப் பற்றி 2022இல் இருந்து நிறையவே எழுதுகிறார்கள், உங்கள் பத்திரிகையிலும் வருகிறது, நானும் விடாமல் வாசிக்கிறேன். எல்லாவற்றிலும் இளைஞர்கள், மாணவர்கள், எங்கடை பெடியள். பெண் பிள்ளைகள் வருவது கைதுச் செய்தியில் மட்டும்தான். முப்பது வருடத்துக்கு மேல் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். ஊசியால் வரும் ஆபத்து ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோல இல்லை என்பதை யாராவது எழுத வேண்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒருவரும் எழுதவில்லை.

ஓய்வு பெறக் கொஞ்ச நாள் இருக்கும்போது எங்கள் வைத்தியசாலை விடுதிக்கு 22, 23 வயதுப் பெண் பிள்ளை ஒன்று வந்தது. முழங்கை மடிப்பில் சீழ்க்கட்டி, நல்ல காய்ச்சல். வேலியில் கம்பி குத்தினது என்று தாய் சொன்னார். கட்டி வலது கையில், ஆனால் அந்தப் பிள்ளை சாப்பிடுவதும் கையெழுத்துப் போடுவதும் அதே வலது கையால்தான். தானே குத்தியிருந்தால் கட்டி இடது கையில் அல்லவா வந்திருக்கும்? தாய் தேத்தண்ணி வாங்கப் போன நேரம் பக்கத்தில் இருந்து மெதுவாகக் கேட்டேன். "எனக்குப் போடத் தெரியாது மிஸ், அவர்தான் போட்டுவிடுறவர்" என்றது. சரி, ஆர் முதல்ல போடுறது என்று கேட்டேன். "அவர்தானே காசு குடுத்து வாங்கிறவர்" என்றது, அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல.

அதாவது அவருடைய இரத்தம் பட்ட ஊசிதான் அந்தப் பிள்ளைக்கு, ஒவ்வொரு முறையும்.

இது எங்கள் ஊரில் மட்டும் நடக்கிற ஒன்றில்லை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஊசி ஏற்றும் 30 வயதுக்கு உட்பட்டவர்களிடம் ஆய்வு செய்து 2003இல் வெளியிட்டார்கள். அங்கேயும் மற்றவர் பாவித்த ஊசியை வாங்கிப் பாவித்தது, இன்னொருவர் கையால் ஏற்றிக்கொண்டது எல்லாம் ஆண்களைவிடப் பெண்கள்தான் கூட. ஊசி ஏற்றுகிறவரையே துணையாகக் கொண்டிருந்ததும் பெண்கள்தான் கூட. உலகத்தில் ஊசி ஏற்றுகிறவர்களில் ஐந்தில் ஒருவர்தான் பெண், ஆனால் அவர்களுக்கு எச்.ஐ.வி. இருப்பதற்கான வாய்ப்பு ஆண்களைவிட 1.2 மடங்கு என்று ஐ.நா.வின் போதைப்பொருள் அறிக்கை சொல்கிறது. ஆண்களுக்கு ஆபத்துக் குறைவு என்று நான் சொல்ல வரவில்லை. இருதய வால்வில் கிருமி ஏறிப் படுக்கையில் கிடக்கிற பெடியளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவே மாட்டார்கள். ஆனால் அவன் தன் ஊசியைத் தானே பிடிக்கிறான், புது ஊசி எடுப்பதா பழையதா என்பது அவன் கையில். அவளுக்கு அதுகூட இல்லை.

உடம்பும் சேர்ந்து கஷ்டம் தருகிறது. பெண்களுக்கு நாளம் சின்னது, பிடிபடாது, பயிற்சி பெற்ற நாங்களே இரண்டு மூன்று தடவை குத்த வேண்டி வரும். அதனால்தான் இன்னொருவர் கையை நம்ப வேண்டியிருக்கிறது, அதனால்தான் கட்டியும் வருகிறது. அப்புறம் ஊசியைத் தனித்தனியாக வைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஈரலைத் தாக்குகிற ஹெபடைடிஸ் சி கிருமி, தூளைக் கரைக்கிற கரண்டியிலும் வடிக்கிற பஞ்சிலும் தண்ணீரிலும்கூடத் தொற்றும், சிறிஞ்சுக்குள் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். 8 முதல் 12 கிழமை மாத்திரை எடுத்தால் பெரும்பாலும் மாறிவிடுகிற நோய் அது, ஆனால் பரிசோதித்தால்தானே தெரியும்.

ஊசியைத் தொடாத பெண்களும் இதில் இருக்கிறார்கள். இந்தியாவின் மணிப்பூரில் ஊசியால் எச்.ஐ.வி. தொற்றிய ஆண்களின் மனைவிமாரைப் பரிசோதித்தபோது 100க்கு 45 பேருக்கு அதே கிருமி இருந்தது என்று 2000ஆம் ஆண்டில் எழுதினார்கள். பெரும்பாலானவர்கள் வாழ்நாளில் ஊசியே போடாதவர்கள். எங்கள் நாடு தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனத்திடம் 2019இல் சான்றிதழ் வாங்கியது, கர்ப்பிணித் தாய்மாருக்கான கிளினிக்கில் இரத்தம் பார்ப்பதால் வந்த பெருமை அது. ஆனால் பிள்ளை பிறந்த பிறகு புருஷன் ஊசிக்குப் போனால் அந்த மனுசியை யார் திரும்பப் பரிசோதிக்கிறார்கள்?

அந்தப் பிள்ளை மூன்றாம் நாளே விடுதியை விட்டுப் போய்விட்டது. மருந்து முடியவில்லை, காயம் ஆறவில்லை. முதல் நாள் இரவு விடுதியில் ஒருவர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "குடும்பத்துப் பிள்ளை செய்கிற வேலையா இது" என்று கேட்டார், அதற்குப் பிறகு தாய் முகத்தை நிமிர்த்தவே இல்லை. பெடியன் என்றால் கெட்ட சகவாசம் என்று சொல்லி ஊரே இரங்கும். பெண் பிள்ளை என்றால் கல்யாணம், தங்கச்சிமாரின் எதிர்காலம், குழந்தை இருந்தால் அதைப் பறித்துவிடுவார்களோ என்ற பயம், எல்லாம் சேர்ந்து வாயை மூடிவிடும்.

வைத்தியசாலையிலும் வெளியிலும் இந்தப் பிள்ளைகளோடு கதைப்பதற்குப் பெண் உத்தியோகத்தர்கள் வேண்டும். புனர்வாழ்வு என்றால் ஆண்களுக்கு மட்டும் இடம் தேடாமல், கைக்குழந்தையோடு வருகிற தாய்க்கும் இடம் வேண்டும். பார்மசியில் சிறிஞ் விற்பதை மறித்தால் போதை நின்றுவிடும் என்று நினைப்பவர்கள், ஒரே ஊசி எத்தனை பேருக்குப் போகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

உங்களிடமும் ஒரு கோரிக்கை ஐயா. போதைக் கைதுச் செய்திகளில் "யுவதி" என்பதைத் தலைப்பில் போட்டு, ஊர் ஒழுங்கை எல்லாம் சொல்லி அடையாளம் காட்டாதீர்கள். அந்த இடத்தில், தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்தையும், பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையை இலவசமாக, இரகசியமாகச் செய்யலாம் என்பதையும் இரண்டு வரியில் போடுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
யாழ்ப்பாணம்.