முத்தமிடாத மணமக்களுக்காக ஒரு திறந்த மடல்

கணவனையோ மனைவியையோ கனடாவுக்கு அழைப்பதற்கான ஸ்பொன்சர் விண்ணப்பங்களைப் படித்து முடிவெழுதும் குடிவரவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மொழிபெயர்ப்பு வேலை செய்பவன். பிறப்பு அத்தாட்சி, திருமணப் பதிவு, கோயில் ஐயரின் கடிதம், வாட்ஸ்அப் உரையாடல் என்று தமிழில் இருப்பதையெல்லாம் ஆங்கிலமாக்கிக் கையொப்பமிட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. வழக்கறிஞனும் அல்ல, குடிவரவு ஆலோசகனும் அல்ல. ஆனால் உங்கள் மேசைக்கு வரும் கோப்புகளில் ஒரு பகுதியை உங்களுக்கு முன்பே படித்துவிடுகிறவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பேசிச் செய்யும் யாழ்ப்பாணத்துக் கல்யாணம் உண்மையானது என்பதற்கு எங்களிடம் வலுவான சான்றுகள் இருக்கின்றன. அவற்றை நீங்கள் கேட்பதில்லை. எங்களிடம் இல்லாதவற்றைக் கேட்கிறீர்கள். இல்லாததைக் கேட்டால் சனம் அதைத் தயாரித்துத்தான் கொடுக்கும். கொடுத்துக்கொண்டும் இருக்கிறது.

படங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபதுக்கு மேல் வேண்டாம் என்கிறது உங்கள் ஆவணப் பட்டியல். எல்லை வைத்ததில் எனக்குக் குறையில்லை. எங்கள் கல்யாண அல்பங்களின் எடை எனக்குத் தெரியும். சிக்கல், எந்த இருபது என்பதில்தான். 2015இல் குடிவரவுத் துறையின் பயிற்சிக் குறிப்பு ஒன்று வெளியே வந்து ரொறன்ரோ ஸ்டார் நாளிதழில் செய்தியானது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். போலித் திருமணத்தின் அடையாளங்கள் என்று அதில் அடுக்கியிருந்தவற்றுள், மணமக்கள் உதட்டோடு உதடு முத்தமிடும் படம் இல்லாததும் ஒன்று. தேனிலவுக்குப் போகாதது இன்னொன்று. உணவகத்தில் நடந்த சிறிய விருந்து மற்றொன்று. நயாகராவில் எடுத்த படங்கள்கூடச் சந்தேகப் பட்டியலில் இருந்தன. ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்த எந்தத் தமிழ்க் குடும்பம் முதல் கோடையில் நயாகராவுக்குப் போகாமல் இருந்திருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

நானூறு பேர் கூடிய மணவறையில், ஓமப் புகைக்கும் மேளத்துக்கும் நடுவே, பெரியவர்கள் அறுகரிசி போட்டுக்கொண்டிருக்கும்போது அப்படியொரு முத்தப் படம் எடுக்கச் சொன்னால், சொன்ன படப்பிடிப்பாளரைத்தான் முதலில் பந்தலை விட்டு வெளியேற்றுவார்கள். ஆனாலும் அந்தக் குறிப்பின் செய்தி ஊர்வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போது கல்யாணத்துக்கு மறுநாள் மணமக்களை வான் வண்டியில் ஏற்றிக் காரைநகர்க் கசூரினா கடற்கரைக்கு அனுப்பிவைக்கிறார்கள். என் மேசைக்கு வந்த ஒரு படம்: மாப்பிள்ளை பெண்ணின் தோளில் கை போட்டிருக்கிறார், ஆனால் விரல்கள் தோளைத் தொடவில்லை, ஒரு அங்குலம் மேலே நிற்கின்றன. பெண் சிரிக்கிறாள், கண் கமெராவுக்குப் பின்னால் யாரையோ பார்க்கிறது. மணலில் இரண்டு பேருக்கும் முன்னால் ஒரு நிழல், அதன் கையில் ஒரு கைப்பை. கூடப்போன மச்சாளின் நிழலாக இருக்க வேண்டும். இந்தப் படத்தைப் பார்த்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நடிப்பு என்றுதான். சரியாகவே நினைக்கிறீர்கள், அது நடிப்புத்தான். உங்களுக்காக நடித்தது. கல்யாணம் மட்டும் நடிப்பில்லை.

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. பேசிச் செய்த திருமணத்தை மேற்கத்தியத் திருமணத்தின் எதிர்பார்ப்புகளை வைத்து அளக்காமல் கவனமாக இருக்க வேண்டும், வட அமெரிக்கக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் அது போலியாகத்தான் தெரியும் என்று உங்கள் சமஷ்டி நீதிமன்றமே 2010இல் கில் என்பவரின் வழக்கில் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு வந்து ஐந்து வருடத்துக்குப் பிறகுதான் அந்தச் சந்தேகப் பட்டியல் செய்தியானது.

சரி, எங்களிடம் என்னதான் இருக்கிறது?

முதலில், எங்கள் கல்யாணத்தில் ஆணும் பெண்ணும் கடைசியாகத்தான் வருவார்கள். சாதகம் பார்ப்பது, இரண்டு பக்கத்தாரும் விசாரிப்பது, நாள் எடுப்பது என்று அதற்கு முன்னால் மாதக்கணக்கில் வேலை நடந்திருக்கும். தாலிக்குப் பொன்னுருக்குவது மாப்பிள்ளை வீட்டில். அதில் பெண் இருக்க மாட்டாள். பொன்னுருக்கிய பிறகு கல்யாண நாள்வரை இருவரும் சந்திக்கக் கூடாது என்பது பல குடும்பங்களில் இன்றும் வழக்கம். மாப்பிள்ளை கனடாவில் என்றால் பொன்னுருக்கு ஸ்காபரோவில் ஒரு வீட்டின் வரவேற்பறையில் நடக்கும். பெண் கொடிகாமத்தில் இருப்பாள். “நிச்சயத்துக்குப் பிறகு நீங்கள் ஏன் ஒன்றாக நேரம் செலவழிக்கவில்லை?” என்று ஒரு நேர்முகத்தில் கேட்டால், பாவம், அந்தப் பெண் என்ன பதில் சொல்வாள்? வழக்கம் இல்லை என்பாள். அது குறிப்பில் ‘திருப்தியற்ற பதில்’ என்று பதிவாகும்.

அடுத்தது காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பல கோப்புகளில் இது இருப்பதே இல்லை. கேட்டால், “அதைக் கேட்கவில்லையே, அண்ணை” என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பெண்ணுக்குச் சீதனமாக வீடோ வளவோ எழுதும்போது நொத்தாரிசு முன்னால் உறுதி முடித்து, காணிப் பதிவகத்தில் பதிவார்கள். சீதனம் நல்லதா கெட்டதா என்பது வேறு சண்டை. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஆனால் சான்று என்ற கோணத்தில் பாருங்கள். பெற்றோர் தங்கள் ஆயுள் முழுவதும் தேடிய ஒரே சொத்தை இந்தக் கல்யாணத்தை நம்பி மாற்றி எழுதியிருக்கிறார்கள். அதற்கு மேல், ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தொகுக்கப்பட்டு இன்றும் வடக்கில் நடைமுறையில் இருக்கும் தேசவழமைச் சட்டத்தின் கீழ் வரும் பெண், மணமானபின் தன் பெயரில் இருக்கும் காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. பெண்களுக்கு அநியாயமான விதி, மாற வேண்டியதுதான். மாறும்வரை நிலைமை இதுதான்: கல்யாணப் பதிவில் கையெழுத்துப் போட்ட நிமிடத்திலிருந்து அவளுடைய மண் அவருடைய கையெழுத்தோடு கட்டுண்டு போகிறது. விசாவுக்காக மட்டும் ஒரு நாடகம் ஆடுகிற குடும்பம் இதைச் செய்யுமா? நீங்கள் இருவர் பெயரிலும் வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். ஒருவர் மார்க்கம் வீதியிலும் மற்றவர் மானிப்பாயிலும் இருக்கும்போது அந்தக் கணக்கை எந்த வங்கியில் திறப்பது?

பணம் அனுப்பிய ரசீதும் அப்படித்தான். பலர் ஊருக்குப் பணம் அனுப்புவது உண்டியலில். இங்கே ஒருவரிடம் கொடுத்தால் அங்கே இன்னொருவர் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுப்பார். ரசீது என்று ஒன்று கிடையாது. உண்டியலில் அனுப்பாதீர்கள், வங்கியில் அனுப்புங்கள் என்று நானே எல்லோரிடமும் சொல்கிறேன். அது சரியான புத்திமதி. ஆனால் ரசீது இல்லை என்பதால் பணமே போகவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

தொடர்பில் இருந்ததற்கான சான்றாக நீங்கள் கேட்பது அதிகபட்சம் பத்துப் பக்கம். எங்கள் ஆட்கள் எழுதுவதைவிடப் பேசுவது அதிகம். இரவு வேலை முடிந்து வந்து வீடியோ அழைப்பை எடுத்து, தொலைபேசியைச் சமையலறை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, அவர் இங்கே சாப்பிட, அவள் அங்கே காலைச் சமையலைத் தொடங்க, இடையில் மாமியார் வந்து நலம் விசாரிக்க, ஒரு மணி நேரம் போய்விடும். பத்துப் பக்கத்தில் இதை எப்படி அச்சிடுவது? அச்சிட முடிந்தது அழைப்புகளின் பட்டியல் மட்டும். அதனால் என்ன நடக்கிறது என்றால், யாரோ சொன்னதைக் கேட்டு, பத்துப் பக்கத்துக்குத் தேவையான காதல் செய்திகளை உட்கார்ந்து எழுதுகிறார்கள். மொழிபெயர்க்கும்போது எனக்கு உடனே தெரிந்துவிடும். அதுவரை மழை, பல்வலி, தம்பியின் பரீட்சை என்று இருந்த உரையாடல் ஒரு குறிப்பிட்ட திகதியிலிருந்து திடீரென்று ‘என் உயிரே’ என்று தொடங்கும்.

இனி எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன்.

அகதியாக ஏற்கப்பட்டு நிரந்தர வதிவிடம் பெற்ற ஒருவர், குடியுரிமை எடுக்குமுன் தான் தப்பி வந்த நாட்டுக்குத் திரும்பிப் போனால், அந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடிவிட்டார் என்று சொல்லி அகதி நிலையை முடிவுக்குக் கொண்டுவர உங்கள் சட்டம் இடம்கொடுக்கிறது. 2012 டிசம்பரில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, அப்படி முடிவுக்கு வந்தால் நிரந்தர வதிவிடமும் சேர்ந்து போகும். ஆகவே அவர் இலங்கைக்குப் போக மாட்டார். போகக் கூடாது என்றுதான் வழக்கறிஞரும் சொல்வார். கல்யாணம் சென்னையில் அல்லது திருச்சியில் நடக்கும், சில வேளை மலேசியாவில். பெண்ணோடு தாயோ தமையனோ வருவார். மற்றவர்களுக்கு விசாவும் விமான டிக்கெட்டும் எடுக்க வசதி இருக்காது. ஒரு கோயில், ஒரு சிறிய மண்டபம், முப்பது பேர், மூன்று கிழமை விடுமுறை, அவ்வளவுதான். பிறகு கோப்பு உங்களிடம் வரும். “சிறிய விருந்து. குடும்பத்தார் பெரும்பாலும் கலந்துகொள்ளவில்லை. ஸ்பொன்சர் (அழைக்கும் கணவர்) மனைவியின் வீட்டுக்கு ஒருமுறையும் போனதில்லை.” அவரைப் போகவிடாமல் கட்டிவைத்திருப்பது உங்கள் நாட்டின் சட்டம். அதே நாட்டின் இன்னொரு மேசை, ஏன் போகவில்லை என்று கேட்கிறது. ஸ்பொன்சர் அகதியாக வந்தவரா என்று பார்க்க உங்களுக்கு அவருடைய பழைய கோப்பைத் திறந்தால் போதும். அதைப் பார்க்காமல் இந்தக் கேள்வியை எழுதாதீர்கள்.

திருமணத்தின் நோக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடிவரவு ஒழுங்குவிதிகளின் 4ஆவது பிரிவின்படி, 2010 செப்டம்பர்வரை ஒரு திருமணத்தை ஏற்க மறுப்பதற்கு அது உண்மையற்றது என்பதோடு, குடிவரவுச் சலுகைக்காகவே முதன்மையாகச் செய்யப்பட்டது என்றும் காண வேண்டியிருந்தது. அதன்பின் இரண்டில் ஒன்று போதும். இன்று ஒற்றுமையாக வாழ்கிற தம்பதியைக்கூட, அன்றைக்குத் தாலி கட்டியபோது மனதில் என்ன இருந்தது என்று கேட்டு மறுக்கலாம். எங்கள் கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வெளிநாட்டில் இருப்பது மறைத்துவைக்கும் விடயமில்லை. படிப்பு, வேலை, குடும்பம் போல அதுவும் ஒரு தகுதி. பத்திரிகை மணமகன் தேவை விளம்பரத்தில் முதல் வரியிலேயே இருக்கும். டொக்டர் மாப்பிள்ளை வேண்டும் என்று தேடிக் கட்டிய பெண் சம்பளத்துக்காக மட்டும் கட்டினாள் என்று நீங்கள் சொல்வீர்களா? பிரித்தானியாவும் இதே ‘முதன்மை நோக்கம்’ என்ற விதியை வைத்து இந்தியத் துணைக்கண்டத்துக் கல்யாணங்களை வருடக்கணக்கில் மறுத்துப் பார்த்துவிட்டு, 1997இல் அதைக் கைவிட்டது.

ஏமாற்று இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது, எங்களுக்குள்ளேயே இருக்கிறது. ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் வந்து இறங்கிய மறுகிழமையே காணாமல் போன கணவன்மாரையும், அவர்களின் செலவை மூன்று வருடம் பொறுப்பேற்பதாகக் கையெழுத்திட்டுவிட்டு நிற்கும் பெண்களையும் எனக்குத் தெரியும். அவர்களின் கோப்புகளையும் நான் மொழிபெயர்த்திருக்கிறேன். ஒன்று சொல்லட்டுமா? அந்தக் கோப்புகள் அழகாக இருந்தன. படங்கள் வரிசையாக, திகதிகள் பிசகாமல், செய்திகள் இனிக்க இனிக்க. திட்டம் போட்டு ஏமாற்றுகிறவனுக்கு உங்கள் பட்டியல் ஒரு தடையே இல்லை. அது அவனுக்குக் கிடைத்த வினாத்தாள். தடுமாறுகிறவர்கள் மற்றவர்கள்தான். கல்யாணத் திகதியைத் தமிழ் மாதத்தில் நினைவு வைத்திருக்கும் பெண், கணவனின் வேலைத்தலத்தின் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவள், ஆனால் அவருடைய அப்பாவின் ஊர், அம்மாவின் ஊர், எந்தக் கோயில் பங்கு என்பதெல்லாம் மூன்று தலைமுறைக்கு ஒப்பிக்கக்கூடியவள். அதையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கடுமையான விதியால் ஏமாற்றைத் தடுக்கலாம் என்பதையும் நீங்கள் முயன்று பார்த்தீர்கள். 2012 அக்டோபரில், வந்து சேர்ந்தபின் இரண்டு வருடம் சேர்ந்து வாழாவிட்டால் வதிவிடம் போகும் என்று நிபந்தனை வைத்தீர்கள். துன்புறுத்தப்பட்ட பெண்களுக்கு விதிவிலக்கு உண்டு என்று தாளில் இருந்தது. அதை அறியாமல் அடியைப் பொறுத்துக்கொண்டு இருந்தவர்கள் இருந்தார்கள். 2017 ஏப்ரலில் அந்த நிபந்தனையை நீங்களே நீக்கினீர்கள். அதற்கு நன்றி.

நான் கேட்பது பெரிய சட்டத்திருத்தம் இல்லை. ஆவணப் பட்டியலை அடுத்த முறை புதுப்பிக்கும்போது காணி உறுதி, சாதகப் பொருத்தக் குறிப்பு, இரு வீட்டுப் பெற்றோரின் சத்தியக் கடதாசி ஆகியவற்றையும் ஏற்கத்தக்க சான்றுகளாகப் பெயர் சொல்லிச் சேருங்கள். இப்போதும் யாரும் அவற்றைத் தடுக்கவில்லை என்பது தெரியும். பெயர் இருந்தால்தான் சனம் கொண்டுவரும்.

சந்தேகம் வந்தால், மறுக்குமுன் அதை எழுதியனுப்பிப் பதில் கேட்கும் நடைமுறை உங்களிடம் இருக்கிறது. அந்தக் கடிதத்தில் ‘உங்கள் உறவு உண்மையானது என்பதில் எனக்குத் திருப்தியில்லை’ என்று பொதுவாக எழுதினால், பயந்துபோய் இன்னும் இருபது கடற்கரைப் படங்களைத்தான் அனுப்புவார்கள். பெண்ணின் தகப்பன் ஏன் கல்யாணத்துக்கு வரவில்லை என்பது உங்கள் சந்தேகமானால், அதையே கேளுங்கள். இந்திய விசா கிடைக்காத கடிதத்தையோ, வைத்தியசாலைத் துண்டையோ எடுத்து வைப்பார்கள். இப்போது அந்தத் துண்டு எப்போது வெளியே வருகிறது தெரியுமா? நீங்கள் மறுத்து, ஸ்பொன்சர் 30 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்து, நீண்ட காலம் காத்திருந்து, விசாரணை நாளில் பெண் ஊரிலிருந்து தொலைபேசியில் சாட்சி சொல்லும்போதுதான். மேன்முறையீட்டை விசாரிக்கும் உறுப்பினர் கேட்பார், பெண் பதில் சொல்வாள், வழக்கறிஞர் அந்தத் துண்டைக் கொடுப்பார். அந்தக் கேள்விக்கு எடுப்பது ஐந்து நிமிடம்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்