டர்போ பொருத்திய காரில் பூஸ்ட் கசிவு: ட்யூன் மாற்றித் தீராத குறை பற்றிய புகார்

திருகோணமலை
2025.07.14

முகாமையாளர்,
பொருத்துதல் மற்றும் விற்பனைக்குப் பின்னான சேவைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா,

நிஸான் சனி எஃப்பி15 காருக்கு (1.5 லீற்றர் கியூஜி15 எஞ்சின், கைக் கியர்) உங்கள் நிறுவனம் விற்று, உங்கள் கராஜிலேயே பூட்டித் தந்த டர்போ தொகுதி பற்றியது இக்கடிதம். பூஸ்ட், அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் மேலதிக அழுத்தம், 0.5 பார் என்று எழுத்தில் தந்திருக்கிறீர்கள். மூன்றாம் கியரில் அக்சிலேற்றரை முழுதாக மிதித்தால் 3,500 ஆர்பிஎம்மில் மானி 0.5ஐத் தொடுகிறது. 5,000 வருவதற்குள் 0.3க்கு இறங்கிவிடுகிறது. பொன்னெற்றின் இடது பக்கம் சீறல் கேட்கிறது. கியர் மாற்றும்போது கறுப்புப் புகை. ஐடில் ஓரிடத்தில் நில்லாமல் ஏறி இறங்குகிறது.

தொலைபேசியில் உங்கள் ஆட்கள் முதலில் சொன்ன காரணம் திருகோணமலை வெயில். கச்சான் வீசும் இந்த மாதங்களில் இங்கே காற்றுக் கொதிக்கும் என்பது உண்மைதான். சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு, அதனால் இழுவை குறையும். ஆனால் டர்போவைச் சுழற்றும் எக்ஸோஸ்ட் வாயுவில் ஒரு பகுதியை விலக்கிவிடும் வேஸ்ட்கேட் கட்டுப்படுத்துவது அழுத்தத்தை. வெயிலுக்காக மானி 0.5இலிருந்து 0.3க்கு இறங்காது. அடுத்துப் பெற்றோலைச் சொன்னார்கள். வண்டிக்கு அடிப்பது ஒக்டேன் 95. அது 92ஆகவே இருந்தாலும் நொக்கிங் (கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) வரலாம், அதைத் தவிர்க்க இக்னிஷன் பின்வாங்கலாம். குழாயிலுள்ள அழுத்தத்துக்கும் ஒக்டேனுக்கும் தொடர்பில்லை.

மூன்றாவது பதிலால்தான் இக்கடிதம் எழுத நேர்ந்தது. வேஸ்ட்கேட்டை இயக்கும் பூஸ்ட் சொலனோயிட்டின் டியூட்டியை (அது வேலை செய்யும் நேர விகிதத்தை) 35 சதவீதத்திலிருந்து 60க்கு ஏற்றிய புதிய ட்யூன் கோப்பொன்றை, அதாவது எஞ்சின் கணினிக்கான அமைப்புகளை அனுப்பி, அதை ஏற்றி ஓடச் சொன்னீர்கள். அது ஏற்றப்படவில்லை. பஞ்சரான ரயருக்குப் பெரிய பம்ப் வாங்கிக் காற்றடிக்கிற வேலை அது. வெளியே போகும் காற்றையும் சேர்த்துத் தள்ள டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். கொம்பிரசர் தன் திறனான எல்லையைத் தாண்டும், காற்று மேலும் சூடாகும், நொக்கிங் வரும். கொம்பிரஷன் ஏறத்தாழ 10:1 உள்ள, டர்போவுக்கென்று கட்டப்படாத எஞ்சினில் முதலில் போவது பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையிலுள்ள விளிம்பு. மானி 0.5 காட்டும், வாடிக்கையாளர் வாயை மூடுவார், எஞ்சின் பிறகு உடையும். இதை ஒரு தீர்வாக நீங்கள் அனுப்பியிருக்கவே கூடாது.

அழுத்தம் இறங்க வேஸ்ட்கேட் ஸ்பிரிங் தளர்வும் காரணமாகலாம் என்பதால், எஞ்சினை நிறுத்தி வைத்து இங்குள்ள கராஜில் அழுத்தச் சோதனை செய்யப்பட்டது. உங்கள் திருத்துநர்களும் செய்து பார்க்கலாம். எயார் ஃப்ளோ மீற்றரைக் கழற்றி, டர்போவின் உள்வாய் ஹோஸில் 63 மி.மீ. பீவீசீ மூடி. மூடியில் துளையிட்டு ஒரு டியூப்லெஸ் ரயர் வால்வ். வால்வ் கவரிலிருந்து உள்வாய்க்கு வரும் மூச்சுக்குழாயைக் கழற்றி இரு முனைகளையும் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று நேரே எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேசுக்குப் போய்ச் சோதனையைக் கெடுக்கும். த்ரொட்டிலை (அக்சிலேற்றர் திறக்கும் காற்றுத் தகட்டை) திறந்து வைக்க வேண்டும். மூடியிருந்தால், மிஞ்சும் பூஸ்டை விடுவிக்கும் புளோ ஓஃப் வால்வின் மேல்பக்கத்துக்கு அழுத்தம் போகாது, நல்ல வால்வும் திறந்து லீக் போலக் காட்டும். பிறகு ரெகுலேற்றர் வைத்து 0.3 பார், அடுத்து 0.5. மூடிக்கு நேரே யாரும் நிற்கக்கூடாது, கழன்றால் சன்னம்போலப் பாயும். சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்து, இணைப்பு இணைப்பாகப் பார்க்க வேண்டியதுதான். பிஸ்டன் ரிங் வழியாகச் சிறிது காற்றுப் போவது வழமை, அது இங்கே கணக்கில் எடுக்கப்படவில்லை.

டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து த்ரொட்டிலுக்கு வரும் அலுமினியக் குழாயின் முனை வெட்டியபடியே இருக்கிறது. ஹோஸ் வழுவாமல் பிடிக்கும் உருட்டு விளிம்பு இல்லை. குழாய் ஹோஸுக்குள் 15 மி.மீ. மட்டுமே போயிருக்கிறது. கிளிப்போ, தண்ணீர் ஹோஸுக்குப் போடும் சாதாரணத் திருகுக் கிளிப். உள்ளே ஒயில் படிந்து வழுக்குகிறது. 0.3 பாரிலேயே ஹோஸின் விளிம்பு மெல்லத் தூக்கி, கீழ்ப்பக்கமாக நுரை கொப்பளித்தது. சீறல் வருவது இங்கேதான். அதே குழாயில் புளோ ஓஃப் வால்வின் பிளேஞ்ச் வெல்டிங்கில் குண்டூசி முனையளவு துளை ஒன்று; ஒற்றைக் குமிழி வந்து வெடித்து, அதே இடத்தில் திரும்ப வந்துகொண்டிருந்தது. த்ரொட்டில் பொடிக்குப் பழைய கடதாசி கஸ்கட்டையே திரும்பப் போட்டிருக்கிறீர்கள், ஒரு மூலை கிழிந்திருக்கிறது.

கறுப்புப் புகைக்கும் ஐடில் ஆட்டத்துக்கும் இவையே விளக்கம். இந்த வண்டி காற்றை எயார் ஃப்ளோ மீற்றரால் அளக்கிறது. அளந்த காற்று பூஸ்டில் வெளியே போனாலும் கணினி அதற்கும் சேர்த்தே பெற்றோல் ஊற்றும். முழு மிதிப்பில், ஒரு பங்கு பெற்றோலுக்குக் காற்று 11.5க்கும் 12க்கும் இடையில் நிற்க வேண்டிய கலவை 10க்கு இறங்குவது அதனால்தான். ஐடிலில் நிலைமை தலைகீழ்: த்ரொட்டிலுக்குப் பின்னாலுள்ள கிழிந்த கஸ்கட் அளக்காத காற்றை உள்ளே இழுக்கிறது. காற்றை அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் மெப் சென்சர் உள்ள வண்டிகளில் பழகிய கையால் இது பூட்டப்பட்டிருக்கிறது என்றே நினைக்கத் தோன்றுகிறது. ஏனென்றால் நீங்கள் தந்த புளோ ஓஃப் வால்வ் காற்றை வெளியே விடும் வகை. மீற்றர் உள்ள வண்டிக்கு அந்தக் காற்று டர்போவின் உள்வாய்க்குத் திரும்ப வேண்டும். சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் பிளக் கறுக்கிறது.

இவற்றைவிடப் பாரதூரமானது, கிராங்க் கேசின் வாயுவை எஞ்சினின் காற்றுப் பாதைக்கு அனுப்பும் பீசீவீ வால்வ். அந்தக் குழாய்க்கு ஒருவழி செக் வால்வ் பூட்டியதாக உங்கள் பற்றுச்சீட்டில் தனி வரி இருக்கிறது, பணமும் எடுத்திருக்கிறீர்கள். வண்டியில் அது இல்லை, அதனால் பூஸ்ட் அந்தக் குழாய் வழியே கிராங்க் கேசுக்குத் திரும்புகிறது. சோதனையில் டிப்ஸ்டிக்கைத் தூக்கியதும் காற்று ஒயிலைக் கொண்டு வந்தது. ரிங் வழி வருவது இத்தனை பலமாக வராது. பீசீவீ குழாயைக் கையால் நசுக்கியதும் நின்றுவிட்டது. இப்படியே ஓடினால் கிராங்கின் பின் ஒயில் சீல் போகும். கியர்பெட்டியை இறக்காமல் அதை மாற்ற முடியாது.

வேண்டுவது இவை. அந்தக் குழாயை உருட்டு விளிம்புடன் புதிதாகச் செய்து, ஹோஸுக்குள் குறைந்தது 35 மி.மீ. போகுமாறு, எல்லா இணைப்புகளுக்கும் டீ-போல்ட் கிளிப் போட்டுத் தரவேண்டும். புதிய த்ரொட்டில் கஸ்கட், திருப்பிவிடும் வகை வால்வ், பணம் வாங்கிய செக் வால்வ் ஆகியவற்றைப் பூட்ட வேண்டும். அதன்பின் 0.7 பாரில் என் முன்னிலையில் அழுத்தச் சோதனையும், எஞ்சினுக்கு லீக் டவுன் சோதனையும் (சிலிண்டர்களிலிருந்து கசியும் காற்றின் அளவை அறிவது) செய்து பெறுபேற்றை எழுத்தில் தரவேண்டும். ட்யூனைத் தொடுவது இவையெல்லாம் முடிந்த பிறகுதான். வேலையைத் திருகோணமலையில் செய்து தாருங்கள், அல்லது வண்டியை ஏற்றி இறக்கும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்; இந்த நிலையில் கந்தளாய், ஹபரணை வழியாகக் கொழும்புவரை அதை ஓட்டிவரச் சொல்வது நியாயமல்ல. பின் சீல் ஏற்கெனவே கசிந்திருந்தால் அச்செலவும் உங்களுடையதே.

உத்தரவாதம் பற்றிப் பிறகு பேச்சு வரக்கூடாதென்று எந்த இணைப்பையும் மாற்றவில்லை. வண்டி ஓடாமல் நிற்கிறது. சோதனையின் காணொளி, படங்கள், பற்றுச்சீட்டுப் பிரதி, நீங்கள் அனுப்பிய ட்யூன் கோப்பு ஆகியன இணைக்கப்பட்டுள்ளன.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி சேவை பெற்று மூன்று மாதங்களுக்குள் முறையிட வேண்டும். அக்காலம் இன்னும் கடந்துவிடவில்லை, கடக்க விடவும் மாட்டேன்.

இங்ஙனம்,
வாகன உரிமையாளர்