இணைகோடுகள் இணைவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் பக்கத்தில் வடிவியல் சொற்களைப் படங்களுடன் அட்டவணையாக வெளியிட்டிருந்தீர்கள். அதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் இவற்றில் பாதிச் சொற்கள் வீட்டிலும் தெருவிலும் வேறு பொருளில் புழங்குபவை. பிள்ளைகள் அந்தப் பொருளோடுதான் வகுப்புக்கு வருகிறார்கள். சில சொற்களில் அது கைகொடுக்கும், சிலவற்றில் காலை வாரிவிடும்.

வட்டம் தொடர்பான சொற்கள் கைகொடுப்பவை. பழைய வீடுகளில் சுவருக்குச் சுவர் குறுக்கே கிடக்கும் உத்தரம் விட்டம். மூலைக்கு மூலை போனால் மூலைவிட்டம். வில்லின் இரு முனைகளையும் இழுத்துக் கட்டும் கயிறு நாண். 5 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு, 6 செ.மீ. நாண் ஒன்றை வரையச் சொல்லுங்கள். மையத்திலிருந்து நாணுக்கு உள்ள தூரம் 4 செ.மீ. வர வேண்டும், வராவிட்டால் கவராயத்தின் திருகு தளர்ந்திருக்கிறது என்று பொருள். நாணை மையத்தை நோக்கி நகர்த்த நகர்த்த நீளம் கூடி, மையத்தைத் தொட்டதும் 10 செ.மீ. ஆகும். விட்டமும் ஒரு நாண்தான் என்பதைத் தனியாக எழுதிப்போட வேண்டியதில்லை.

காலை வாருவதில் முதலிடம் ‘செங்குத்து’க்கு. செங்குத்தான மலை, செங்குத்தான படி என்று கேட்டுப் பழகிய காதுக்கு, அது மேலும் கீழுமாக நிற்பது. வடிவியலிலோ ஒரு கோடு இன்னொரு கோட்டோடு 90° ஆக இருக்கும் உறவு. தனியாக ஒரு கோடு செங்குத்தாக இருக்க முடியாது. இது பிடிபடாததால்தான் சாய்ந்த பக்கத்துக்குக் குத்துக்கோடு வரையச் சொன்னால், தாளின் விளிம்புக்கு நேராக ஒரு கோட்டை இறக்கிவிடுகிறார்கள். விரிகோண முக்கோணத்தில் (ஒரு கோணம் 90°-ஐ விடப் பெரிதாக இருப்பது) பக்கத்தை நீட்டி, முக்கோணத்துக்கு வெளியே குத்துக்கோடு வரைய வேண்டிய இடத்தில் திகைத்து நிற்பதும் இதனால்தான்.

மருந்து எளிது. கோணல்மாணலாகக் கிழித்த தாள் ஒன்றை மடியுங்கள். மடிப்புக் கோட்டின் ஒரு பாதி மறு பாதியின் மேல் சரியாகப் படியும்படி மீண்டும் ஒரு முறை மடியுங்கள். மூலையில் கிடைப்பது செங்கோணம். அதைக் கையில் வைத்துக்கொண்டு எப்படித் திருப்பினாலும் செங்கோணம்தான் என்று பார்க்கட்டும். மூலைமட்டத்தைக் கொடுப்பது அதற்குப் பிறகு.

அடுத்தது ‘இணை’. இணைப்பு, இணைந்தது என்றால் சேர்ந்தது. இணைகோடுகளோ எவ்வளவு நீட்டினாலும் சேராதவை! இங்கே ‘இணை’யை ‘இணையாக நடந்தார்கள்’ என்பதில் வரும் பொருளில் கொள்ள வேண்டும். தாளுக்குள் வெட்டிக்கொள்ளவில்லை என்பதற்காக இரண்டு கோடுகளை இணைகோடுகள் என்று எழுதுவது அடுத்த தவறு. ஒரு கோட்டில் இரண்டு இடங்களில் மூலைமட்டத்தை வைத்து, அடுத்த கோடு வரை அளக்க வேண்டும். இரண்டு இடத்திலும் 3 செ.மீ. என்றால் இணை. ஓரிடத்தில் 3, மற்றோரிடத்தில் 2.8 என்றால், குறைவாக உள்ள பக்கம் எங்கோ வெட்டிக்கொள்ளப் போகின்றன.

90°-ஐ விடச் சிறிய கோணத்தைக் குறிக்கும் ‘குறுங்கோணம்’ என்ற சொல்லிலும் ஒரு சிக்கல். ‘குறு’ என்றதும் கைகள் (கோணத்தை உண்டாக்கும் இரு கோடுகள்) குட்டையான கோணம் என்று தோன்றிவிடுகிறது. 10 செ.மீ. கைகளோடு 40° கோணத்தையும், 3 செ.மீ. கைகளோடு 70° கோணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து எது பெரிது என்று கேட்டால் விடை தெரிந்துவிடும். இலங்கைப் பாடநூல்களில் இதைக் ‘கூர்ங்கோணம்’ என்கிறார்கள். கூர்மை முனையைக் காட்டுகிறது, நீளத்தை அல்ல. எங்களுக்கு அதுவே பிடித்திருக்கிறது.

கைகள் குட்டையாக இருந்தால் கோணமானியின் அளவு வரை அளவுகோலால் நீட்டிக்கொள்ளலாம், கோணம் மாறாது. பெரும்பாலான பிளாஸ்டிக் கோணமானிகளில் 0° கோடு அடி விளிம்பில் இல்லை, சற்று மேலே இருக்கும். விளிம்பைக் கோணத்தின் கையின் மேல் வைத்தால் ஒவ்வொரு அளவும் பிசகும். 60° கோணத்தை 120° என்று படிப்பது உள் அளவையும் வெளி அளவையும் குழப்புவதால். அளக்கும் முன்பே ‘இது குறுங்கோணமா, விரிகோணமா’ என்று வாய்விட்டுச் சொல்லப் பழக்கினால் அந்தத் தவறு நின்றுவிடும். சொல் தெரிந்திருப்பதன் நேரடிப் பயன் இது.

சாய்சதுரத்துக்கு வருவோம். பெயர் ‘சாய்’ என்பதால், சதுரத்தைச் சற்றே திருப்பி வைத்தவுடன் ‘இனி இது சதுரம் இல்லை’ என்கிறார்கள். திருப்பினாலும் மூலைகள் 90° ஆகவே இருக்கின்றன, அது சதுரம்தான். நான்கு பக்கமும் சமமாக இருந்தால் போதும், சாய்சதுரம் என்று சொல்லலாம். அந்தக் கணக்கில் சதுரமும் ஒரு சாய்சதுரமே.

அட்டவணையை மறுபடி வெளியிடும்போது படங்களை மட்டும் மாற்ற வேண்டுகிறோம். சதுரம் ஒரு மூலையில் நிற்கட்டும். செங்கோண முக்கோணத்தின் செங்கோணம் உச்சியில் வரட்டும். இணைகோடுகள் சாய்வாக, ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்கள் சிலர்,
தஞ்சாவூர்