விலையில்லா மிதிவண்டியோடு தலைக்கவசமும் வேண்டும்: புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
அங்கன்வாடிப் பணியாளர் மற்றும் ஊர்ப் பொதுமக்கள் 61 பேர்,
ஆதனக்கோட்டை சுற்றுவட்டாரம்,
புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் மற்றும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுத் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
புதுக்கோட்டை.

பொருள்: மேல்நிலைப் பள்ளி மாணவ மாணவியருக்கு வழங்கப்படும் விலையில்லா மிதிவண்டியுடன் தலைக்கவசம், பின்விளக்கு, ஒளிர்பட்டை வழங்கவும், நெடுஞ்சாலை ஓரங்களைச் சீரமைக்கவும், தலைக்கவசத்துக்காகச் சைக்கிள் ஓட்டுவோர் மீது அபராதம் விதிக்கும் நிலை வராமல் காக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் தஞ்சாவூர் – புதுக்கோட்டை சாலையை ஒட்டிய சிற்றூர். என் தம்பி மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அரசு கொடுத்த சைக்கிளில்தான் பள்ளிக்குப் போய் வந்தாள். கடந்த கார்த்திகை மாதம், மழை விட்டிருந்த ஒரு மாலையில், சிறப்பு வகுப்பு முடிந்து ஆறரை மணிக்கு மேல் வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். இருட்டிவிட்டது. பின்னால் வந்த டிப்பர் லாரி விடாமல் ஹாரன் அடித்தது. பிள்ளை பயந்து இடப்பக்கம் ஒதுங்கினாள். அந்த இடத்தில் தார்ச்சாலையின் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சாண் பள்ளம். முன்சக்கரம் சறுக்கியது. சிறுபாலத்துக் கட்டைச்சுவரில் தலையின் இடப்பக்கம் மோதி விழுந்தாள்.

லாரி அவளைத் தொடவே இல்லை. ஓட்டுநருக்கு இன்றுவரை தெரிந்திருக்குமா என்பதுகூடச் சந்தேகம்தான். யாரும் இடிக்கவில்லை என்பதால் புகார் இல்லை, வழக்கு இல்லை. விபத்துக் கணக்கிலும் அவள் இல்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. 17,884 பேர் உயிரிழந்தார்கள். அவை ஏட்டில் ஏறியவை. ஹாரனுக்குப் பயந்து ஒதுங்கித் தானாக விழுந்த எங்கள் பிள்ளைகளைப் போன்றவர்கள் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்கு முதலில் கொண்டுவருகிறேன்.

பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்தாள். தலையில் ஒரு பக்கம் முடியை மழித்துத் தையல் போட்டார்கள். கண் விழித்ததும் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அத்தை, சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்பதுதான். உயிர் பிழைத்தாள், அந்த வரைக்கும் எங்கள் குலதெய்வத்துக்கு நன்றி. ஆனால் இன்றும் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றால் தலை சுற்றுகிறது. இரவு படித்த பாடம் காலையில் நினைவில் நிற்பதில்லை என்று அழுகிறாள். நன்றாகப் படித்த பிள்ளை.

சைக்கிள் இப்போது மாட்டுக்கொட்டகையில் சாய்ந்து நிற்கிறது. அவளை இனி அதில் ஏற்றமாட்டேன் என்று அவள் அம்மா சொல்லிவிட்டாள். அதே தெருவில் இன்னும் மூன்று வீடுகளில் பெண்பிள்ளைகளின் சைக்கிள்களுக்குப் பூட்டு விழுந்துவிட்டது. நான் இந்த மனுவை எழுத உட்கார்ந்தது விபத்து நடந்த அன்று அல்ல, அந்த மூன்றாவது பூட்டைப் பார்த்த அன்று.

ஏனென்றால் இந்த மாவட்டத்தில் ஒரு பெண்ணுக்குச் சைக்கிள் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். 1991இல் அறிவொளி இயக்கம் இங்கே தொடங்கியபோது, அன்றைய மாவட்ட ஆட்சியர் திருமதி ஷீலாராணி சுங்கத் அவர்கள் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டோம். 1992 மகளிர் தினத்தன்று கைப்பிடியில் கொடி கட்டி, மணி அடித்தபடி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகருக்குள் நுழைந்தார்கள். எனக்கு அப்போது பதினெட்டு வயது. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த, நடுவில் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளில்தான் பழகினேன். முழங்கால் சிராய்ப்பு ஆறுவதற்குள் அடுத்த சிராய்ப்பு வரும். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல், யாரையும் கெஞ்சாமல், நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போன முதல் தலைமுறை நாங்கள். அங்கன்வாடி வேலைக்கு இன்றும் சைக்கிளில்தான் போகிறேன்.

அந்த நாளில் சாலையில் இத்தனை வேகம் இல்லை. இன்று இருக்கிறது. அரசு 2001ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய மிதிவண்டித் திட்டம், 2005க்குப் பிறகு அரசு மற்றும் உதவிபெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்குமாக விரிந்தது. எத்தனையோ பெண்களின் படிப்பு பத்தாம் வகுப்போடு நிற்காமல் காத்த திட்டம் அது. சைக்கிளில் கூடை வருகிறது, கேரியர் வருகிறது, பூட்டு வருகிறது. ஓட்டுகிற பிள்ளையின் தலைக்கு மட்டும் ஒன்றும் வருவதில்லை.

விபத்துக்குப் பிறகு நான் ஹெல்மெட் போடத் தொடங்கினேன். முதலில் தம்பியின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுப் பார்த்தேன். அரை கிலோமீட்டர்கூடத் தாங்கவில்லை. கனம் கழுத்தை இழுக்கிறது, காதை மூடுகிறது, பின்னால் வரும் வண்டிச் சத்தம் கேட்பதில்லை, மிதிக்க மிதிக்க வியர்வை கண்ணில் வழிகிறது. சைக்கிளுக்கென்றே ஹெல்மெட் தனியாக இருக்கிறது என்று கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகன்தான் சொன்னான். 800 ரூபாய்க்கு ஒன்று வாங்கியும் அனுப்பினான். கால் கிலோ சொச்சம்தான் எடை. மேலே நீள நீளமாகக் காற்றுத் துளைகள். காது திறந்திருக்கும். பின்புறம் ஒரு சிறு திருகு. அதைத் திருகினால் தலைக்கு ஏற்றபடி இறுகும். உள்ளே தெர்மாகோல் போன்ற கெட்டியான நுரைப்பொருள். அடிபடும்போது அது நசுங்கி, மண்டைக்குப் போகிற வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை பலமாக அடிவாங்கினால் அதன் வேலை முடிந்தது. வேறு வாங்க வேண்டும்.

இம்மனுவில் கையெழுத்திட்டுள்ள இயற்பியல் ஆசிரியர் ஒருவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். சைக்கிளில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விழும் தலை, சைக்கிள் நின்றுகொண்டிருந்தால்கூட, மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதும். ஐரோப்பாவில் சைக்கிள் ஹெல்மெட்டைத் தரச் சோதனை செய்வதும் கிட்டத்தட்ட இந்த வேகத்தில்தான். அதாவது, எங்கள் பிள்ளை விழுந்தாளே, அந்த மாதிரி விழுதலுக்காகவே செய்யப்பட்ட பொருள் அது. லாரி ஏறினால் எந்த ஹெல்மெட்டும் காப்பாற்றாது. அதை மறைத்துவிட்டுப் பேச எனக்கு மனம் இல்லை. அதனால்தான் சாலையைப் பற்றியும் கேட்கிறேன்.

சாலைக்கு வருமுன் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஹெல்மெட் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். கட்டாயமாக்குங்கள் என்று கேட்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவு மோட்டார் சைக்கிளுக்குத்தான் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல. அது அப்படியே இருக்கட்டும். கூலி வேலைக்குப் போகிறவர், பால் ஊற்றுகிறவர், மீன் விற்கிறவர், முந்திரி உடைக்கப் போகும் பெண்கள், இவர்கள்தான் இன்று எங்கள் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறார்கள். என் அப்பா காலத்தில் விளக்கு இல்லை என்றும், இரண்டு பேர் போனார்கள் என்றும் போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்திக் காற்றைப் பிடுங்கிவிடுவார். அன்றைய கூலி போய்விடும். அது திரும்பி வரக்கூடாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990இல் சைக்கிளுக்கும் ஹெல்மெட்டைச் சட்டமாக்கியது. தலைக்காயங்கள் குறைந்தன, ஆனால் மெல்போர்ன் நகரில் பதின்ம வயதுப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவதும் வெகுவாகக் குறைந்துவிட்டது. எங்கள் ஊரில் அப்படி ஒரு சட்டம் வந்தால் முதலில் நிற்பது பெண்பிள்ளைகளின் சைக்கிளாகத்தான் இருக்கும். "போலீஸ் பிடிக்கும், போகாதே" என்ற ஒரு சொல் போதும். அதே ஹெல்மெட்டை அரசு கையில் கொடுத்தால், "இதைப் போட்டுக்கொண்டு போய் வா" என்று அம்மாக்கள் பூட்டைத் திறப்பார்கள். இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. மூன்று வீட்டிலும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கொடுக்கும்போது எங்கள் பிள்ளைகளின் தலையைப் பார்த்து வாங்கிக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் இரட்டைச் சடை பின்னி, மடித்து ரிப்பன் கட்டிப் போகிறார்கள். மடித்த சடை காதுக்குப் பின்னால் வந்து நிற்கும். ஹெல்மெட்டின் வார் சரியாக அந்த இடத்தில்தான் இறங்குகிறது. என் ஹெல்மெட்டை ஐந்து பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்தேன். சடையைக் கொஞ்சம் தாழ்த்திப் பின்னினால் நால்வருக்குப் பொருந்தியது. ஒருத்திக்கு அளவு பெரிது, நெற்றியில் வழிந்தது. அப்படி வழிகிற ஹெல்மெட் போடாததற்குச் சமம். ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் வாங்கி அடுக்கினால் அவை பரணுக்குத்தான் போகும். இரண்டு மூன்று அளவுகளில் வேண்டும்.

அடுத்தது துப்பட்டா. சீருடைத் துப்பட்டா பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு விழுந்த பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். அதை இரு தோளிலும் பின் குத்தி, நுனியை இடுப்பில் முடிந்துகொண்டு ஏறப் பழக்கினாலே பாதி ஆபத்து போய்விடும். முழங்கால் கவசம், முழங்கைக் கவசம் எல்லாம் எங்களுக்குத் தேவையில்லை, சிராய்ப்பு ஆறிவிடும். இருட்டில் பின்னால் வருகிறவன் கண்ணுக்குத் தெரிவதுதான் பெரிது. சிவப்புப் பின்விளக்கு ஒன்று, மட்கார்டிலும் பெடலிலும் புத்தகப்பையிலும் ஒட்ட ஒளிர்பட்டை, இவை போதும். பெடலில் ஒட்டும் பட்டை மேலும் கீழும் போய்வருவதால் தூரத்திலேயே சைக்கிள் என்று தெரிந்துவிடுகிறது. என் சைக்கிளில் ஒட்டிவிட்டுத் தம்பியை மோட்டார் சைக்கிளில் பின்னால் வரச் சொல்லிப் பார்த்தேன்.

சாலை விஷயம் சுருக்கமானது. தார் போட்டு மேடு ஏற்றுகிறார்கள், ஓரத்தில் கிராவல் கொட்டிச் சமப்படுத்தாமல் போய்விடுகிறார்கள். மழையில் மண் அரித்துப் பள்ளம் இன்னும் ஆழமாகிறது. பள்ளி உள்ள ஊர்களுக்கு இரு பக்கமும் இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்காவது சாலை ஓரத்தை மட்டமாக்கி, சிறுபாலச் சுவர்களில் கறுப்பு மஞ்சள் வண்ணமும் ஒளிர்பட்டையும் இடும்படி நெடுஞ்சாலைத் துறைக்குத் தாங்கள் உத்தரவிட வேண்டும். நாங்கள் அளந்து பார்த்த ஆறு இடங்களின் படங்களை இணைத்துள்ளோம்.

செலவு என்பார்கள். விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்றுக்கொள்ளும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தை 2021 முதல் நடத்திவரும் அரசு இது. அடிபட்ட பிறகு அவ்வளவு செய்கிற அரசு, அடிபடுமுன் ஒரு பிள்ளைக்குச் சில நூறு ரூபாய் செலவிட மறுக்காது என்று நம்புகிறோம்.

மிதிவண்டிகளை வாங்குவது மாநில அளவிலான முடிவு, தங்கள் கையில் மட்டும் இல்லை என்பதை அறிவோம். எனவே, அடுத்த ஆண்டு கொள்முதலிலேயே தலைக்கவசத்தையும் பின்விளக்கையும் சேர்க்கும்படி பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைக்குத் தாங்கள் பரிந்துரை அனுப்ப வேண்டுகிறோம். அதுவரை காத்திராமல், தங்கள் விருப்ப நிதியிலிருந்தோ தொழில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்தோ, நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள பள்ளிகளில் இந்த ஆண்டே தொடங்கலாம். ஒளிர்பட்டை ஒட்டுவதற்குப் பணமே பெரிதாக வேண்டாம். ஒரு சனிக்கிழமை பள்ளி மைதானத்துக்குப் போக்குவரத்துக் காவலர்கள் வந்தால் நாங்களே உடன் நின்று ஒட்டித் தருகிறோம். பிரேக் கட்டையும் செயின் கவரும் அன்றே சரிபார்த்துவிடலாம். சிறப்பு வகுப்புகளைக் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் ஐந்தரை மணிக்குள் முடிக்கும்படி பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை போதும். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் இம்மனுவை நேரில் அளிக்க வருகிறோம். என் தம்பி மகளும் வருகிறாள். என் ஹெல்மெட்டையும் கொண்டுவருகிறேன். தாங்கள் அதை ஒருமுறை கையில் எடுத்து எடை பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
மனுதாரர் மற்றும் 61 பேர்

இணைப்பு: கையெழுத்துப் பட்டியல், சாலை ஓரப் பள்ளங்களின் ஆறு புகைப்படங்கள்.